பதினோரு டம்ளர்களும் ஒரு கோச்சும்

(பழைய மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இளைஞர்களும் தேச முன்னேற்றமும்’ என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். எனக்கு அந்தத் தலைப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் சரக்கு கிடையாது. மேலும், தேசத்தைப் பற்றி நான் கடைசியாக மனப்பூர்வமாகச் சண்டை போட்டது கால்பந்து விஷயத்தில்தான். ஆகவே, அந்தச் சண்டையையே இங்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். செயலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, ஆனா மணியடிச்சா நிறுத்திடணும்” என்றார். இந்தச் சண்டையில் சம்பந்தப்பட்ட மூன்று பேரும் இதே அரங்கில் இருக்கிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, இந்தியக் கால்பந்து அணிக்குப் புதிய கோச்சாக காலித் ஜமீலை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நியமித்தது. விண்ணப்பித்தவர்கள் 170 பேர். கடைசிச் சுற்றில் நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர், ஏற்கெனவே இரண்டு முறை இந்திய அணிக்குக் கோச்சாக இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். இன்னொருவர் ஸ்லோவாக்கியா நாட்டு அணியின் பழைய கோச் ஸ்டெபான் தார்கோவிச். மூன்றாமவர் நம்மவர், காலித் ஜமீல். சாவியோ மெதீராவுக்குப் பிறகு பதின்மூன்று வருஷமாக இந்தியர் யாரும் முழு நேரக் கோச்சாக இருந்ததில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. பழைய நண்பர்கள் இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஒருவன் என் ஹாஸ்டல் அறைத்தோழன். கல்லூரி டீமில் அவன் லெஃப்ட் ஹாஃப், நான் ஸ்டாப்பர். இன்னொருவர் கணக்குத் துறை நண்பர். வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனால் நாங்கள் ஆடிய எல்லா மாட்ச்சுக்கும் கோட்டோரம் நின்று தவறைச் சொன்னவர். இப்போதும் அந்தத் தொண்டைச் செய்து வருகிறார்.

புளியோதரை வருவதற்குள்ளாகவே பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான் வெளிநாட்டுக் கோச் கட்சி. அறைத்தோழன் இந்தியக் கோச் கட்சி. கணக்கு நண்பர் பார்மேஷன் கட்சி. அதாவது, கோச் யாராக இருந்தால் என்ன, 4-4-2 ஆடினால் போதும் என்பவர்.

தோழன் முதலில் எடுத்தது ரஹீம் சாரை. சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர், அடிப்படையில் பள்ளி ஆசிரியர். அவர் பயிற்சியில் ஹைதராபாத் போலீஸ் டீம் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை எடுத்தது. 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று ஜெயித்து தங்கம். மறுவருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கினார்கள். அதே ரஹீம்தான், அதே பதவியில், 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணியை நான்காவது இடத்துக்குக் கொண்டு போனார். அங்கே ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்தோம். நெவில் டிசூசா ஹாட்ரிக். “பத்து கோல் வாங்கின கோச்ச அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தா மெல்போர்ன் வந்திருக்குமாடா?” என்று கேட்டான் தோழன். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லவில்லை. அப்பளத்தை உடைத்துக் கொண்டிருந்தேன்.

பிறகு 1962, ஜகார்த்தா. இதை மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பார்மேஷன் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த ஆசிய விளையாட்டில் முதல் மாட்ச்சிலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 ஜெயித்தோம். ஆனால் அதில் நம் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்தது. தையல் போட்டார்கள். ஜப்பானை 2-0 ஜெயித்து அரையிறுதிக்கு வந்தாகிவிட்டது. தலையில் கட்டோடு இருக்கும் ஆளை ஸ்டாப்பராக நிறுத்த முடியாது. நாள் பூராவும் ஹெட் பண்ண வேண்டிய இடம் அது. வேறொரு கோச்சாக இருந்தால் அவரை பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். ரஹீம் என்ன செய்தார்? ஜர்னைலை முன்னால் கொண்டு போய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 ஜெயித்தோம், ஜர்னைல் கோல் அடித்தார். இறுதிப் போட்டியில் மறுபடி அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1 என்று தங்கம்.

அந்த இறுதிப் போட்டியில் கோல் போஸ்டில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடி டூராண்ட் கோப்பையை எடுத்தவர். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்தவரை ரஹீம் துணிந்து இறக்கினார். மைதானத்தில் ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறார்கள். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை நம் நாட்டுப் பிரதிநிதி கண்டித்ததால் வந்த கோபம் அது. ரஹீமுக்கோ உடம்பில் புற்றுநோய். அடுத்த வருஷம் ஜூனில் காலமானார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தோழனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் விவாதம் என்று வந்துவிட்டால் விட்டுக் கொடுக்க முடியுமா? “அதெல்லாம் சரி மாப்ள, அது அறுபது வருஷத்துக் கதை” என்று நான் என் கட்சியை எடுத்தேன்.

1964 ஆசியக் கோப்பையில் நாம் இரண்டாம் இடம் வந்தபோது கோச் யார்? ஹாரி ரைட், இங்கிலாந்துக்காரர். 1984இல், நாங்கள் இந்தக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தபோது, கல்கத்தா நேரு கோப்பையில் அர்ஜென்டினாவிடம் 0-1 என்று மட்டும் தோற்ற அணியின் கோச் யார்? மிலோவான் சிரிச், யூகோஸ்லாவியாக்காரர். அந்தத் தொடரின் ஸ்கோரை ஹாஸ்டல் வாட்ச்மேனின் டிரான்சிஸ்டரில் கேட்டோம். அர்ஜென்டினாவுக்குக் கடைசிக் கட்டம் வரை கோல் விழவில்லை என்று தெரிந்ததும் தோல்வியைக் கொண்டாடியவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். அதே வருஷம் டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கோப்பைக்கும் மிலோவான்தான் அணியைத் தகுதி பெற வைத்தார். அங்கே ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அது வேறு விஷயம். ஆனால் ஈரானோடு 0-0.

அப்புறம் பாப் ஹாட்டன். 2007லும் 2009லும் நேரு கோப்பை. 2008 ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதியில் தஜிகிஸ்தானை 4-1, அதில் சுனில் சேத்ரி ஹாட்ரிக். அதன் மூலம் 2011 ஆசியக் கோப்பை. அப்புறம் கான்ஸ்டன்டைன். 2015 மார்ச்சில் ஃபிஃபா தரவரிசையில் 173ஆவது இடத்துக்கு இறங்கிய அணி, இரண்டே வருஷத்தில் 96க்கு ஏறியது. 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தது.

“சும்மா ரேங்க் சொல்லாதே. சின்ன டீமாப் பார்த்து ஃப்ரெண்ட்லி வெச்சா ரேங்க் ஏறத்தான் செய்யும்” என்றான் தோழன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. “தாய்லாந்தை ஜெயிச்சதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லேன்” என்றான். சொல்ல வேண்டியதுதான். ஐக்கிய அரபு எமிரேட்ஸிடம் 0-2. பஹ்ரைனிடம் கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டி, 0-1. வெளியே வந்தாகிவிட்டது. கான்ஸ்டன்டைன் அன்றைக்கு இரவே ராஜினாமா.

அவருக்குப் பின் வந்த இகோர் ஸ்டிமாச் குரேஷியாவுக்காக உலகக் கோப்பையில் ஆடியவர். வந்த புதிதில், 2019 செப்டம்பரில், ஆசியச் சாம்பியன் கத்தாரை அவர்கள் ஊரிலேயே 0-0 என்று நிறுத்தினார். அதுவும் சேத்ரி இல்லாமல். அன்றைக்கு குர்பிரீத் தடுத்த ஷாட்டுகளை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். அதே ஸ்டிமாச் 2024 மார்ச்சில் கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றார். ஜூனில் வேலை போயிற்று. அடுத்து ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கேஸ். கோவா கிளப்புக்கும் அவர்தான் கோச், நாட்டுக்கும் அவர்தான். ஒரே ஆள் இரண்டு வீட்டில் சமைத்தால் எந்த வீட்டுக் குழம்பில் உப்பு இருக்கும்? 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் பங்களாதேஷோடு 0-0. ஜூனில் ஹாங்காங்கில் ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு பெனால்டி, 0-1. ஜூலையில் அவரும் போய்விட்டார்.

“ஆக, உன் வெளிநாட்டுக் கட்சி கொண்டு வந்து நிறுத்தின இடம் இதுதான்” என்றான் தோழன்.

இந்த இடத்தில் கணக்கு நண்பர் தலையிட்டார். “ரெண்டு பேரும் ஆளைப் பத்தியே பேசறீங்க. ஆட்டத்தைப் பேசுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, அடுக்களைக்குள் போய் பதினோரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தார். “அதையெல்லாம் யாரு கழுவறது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மூன்று பேரும் காதில் வாங்கவில்லை.

டம்ளர்களை மேஜை மேல் வைத்தார். பின்னால் ஒன்று, கோல் கீப்பர். அவருக்கு முன் நான்கு பேக். அதற்கு முன் நான்கு பேர் ஒரே வரிசை. முன்னால் இரண்டு ஃபார்வர்டு. இதுதான் 4-4-2. “நம்ம பசங்களுக்கு இதுதான் லாயக்கு. இரண்டு வரிசையும் ஒட்டி நின்னு அடைச்சுக்கணும். பந்து கிடைச்சதும் முன்னால இருக்கிற இரண்டு பேருக்குத் தூக்கிப் போடணும். ஒருத்தன் ஹெட் பண்ணி விட்டா இன்னொருத்தன் ஓடுவான். தாய்லாந்தை நாலு கோல் அடிச்சப்ப சேத்ரியும் ஆஷிக்கும் இப்படித்தானே நின்னாங்க?” என்றார்.

நான் இரண்டு டம்ளரை நகர்த்தினேன். இதில் என்ன தொந்தரவு என்றால், நடுவில் நமக்கு இரண்டே பேர்தான். எதிரி நடுவில் மூன்று பேரை நிறுத்தினால், எப்போதும் ஒருத்தன் தனியாக நிற்பான். பந்து சுற்றிச் சுற்றி அவனிடமே போகும். நம் இரண்டு பேரும் எழுபதாவது நிமிஷத்தில் நாக்குத் தள்ளிப் போவார்கள். கடைசி இருபது நிமிஷத்தில் நாம் கோல் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நான் வைத்தது 4-2-3-1. பேக்குகளுக்கு முன்னால் காவலாக இரண்டு பேர், அவர்களுக்கு முன் மூன்று பேர், உச்சியில் ஒரே ஒரு ஃபார்வர்டு.

தோழன் உச்சியில் இருந்த அந்த ஒற்றை டம்ளரைக் கையில் எடுத்துக் கொண்டான். “இது யாரு?” என்று கேட்டான்.

“ஒன்பதாம் நம்பர்.”

“அதான், யாரு? ஆள் பேரச் சொல்லு.”

இரண்டு ஸ்டாப்பர்களை முதுகில் சுமந்துகொண்டு, தூக்கிப் போடும் பந்தை நெஞ்சில் வாங்கி, மற்றவர்கள் வந்து சேரும் வரை பிடித்து வைத்திருக்க வேண்டிய ஆள் அவன். எனக்கு வாயில் வந்த பெயர் சேத்ரிதான். சேத்ரி 2024 ஜூனில் கல்கத்தாவில் குவைத் மாட்ச்சோடு விடைபெற்றுப் போனவர். கோல் அடிக்க ஆள் இல்லை என்று 2025 மார்ச்சில் மறுபடி கூப்பிட்டார்கள். வந்து, மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. 2024-25 ஐ.எஸ்.எல். தொடரில் 14 கோல் அடித்து, இந்தியர்களில் முதலிடமும் அவருக்குத்தான். நாற்பது வயதுக்காரர் முதலிடம் என்பது அவருக்குப் பெருமை. மற்றவர்களுக்கு?

தம்பிகளே, ஒரு கணக்கு சொல்கிறேன். 2014இல் ஆரம்பித்து 2024-25 வரை பதினோரு ஐ.எஸ்.எல். தொடர்கள் நடந்தன. அதிக கோல் அடித்தவருக்குத் தரும் தங்கக் காலணியை அந்தப் பதினோரு தடவையில் ஒரு தடவைகூட இந்தியர் வாங்கவில்லை. கோரோ, ஓக்பெச்சே, டயமண்டகோஸ், அஜராயி என்று எல்லாம் வெளிநாட்டவர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கிளப் பணம் கொடுத்து ஆள் எடுக்கிறது. கோல் அடிக்கிற இடத்துக்குத்தான் முதலில் காசு போடும். நம் பையன்களுக்கு மிச்சமிருப்பது விங்கும் பேக்கும் கோல் கீப்பரும். வருஷம் முழுக்கக் கிளப்பில் விங்கில் ஓடுகிறவனை, நாட்டுக்காக ஒரு வாரம் வந்து சென்டரில் நில் என்றால் அவன் என்ன செய்வான்?

இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அப்போது என் கவனமெல்லாம் ஜெயிப்பதில் இருந்தது. காலித் ஜமீலைப் பற்றித் தோழன் அடுக்கிக் கொண்டே போனான். முந்தின வருஷம் கீழே இறங்கி, அதிர்ஷ்டத்தில் திரும்பச் சேர்க்கப்பட்ட ஐஸ்வால் அணியை 2016-17இல் ஐ-லீக் சாம்பியனாக்கியவர். 2020-21இல் நடுத்தொடரில் நார்த் ஈஸ்ட் அணியை வாங்கி அரையிறுதிக்குக் கொண்டு போனவர். ஜாம்ஷெட்பூரோடும் 2024-25இல் அரையிறுதி. “சின்ன பட்ஜெட், சின்ன டீம், ஒவ்வொரு தடவையும் செஞ்சு காட்டினாரு. இதுக்கு மேல என்னடா செய்யணும் ஒரு நம்ம ஊர்க்காரன்?” என்றான்.

நான் சொன்னேன்: “நம்ம ஊரு கோச்சுக்கு விசில் ஊதத் தெரியும், கோன் வெக்கத் தெரியும். அதுக்கு மேல என்ன தெரியும்?”

சொல்லி முடித்ததும் கணக்கு நண்பர் என்னைப் பார்த்தார். தோழன் கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைத்தான். “வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பறேன்” என்றான். மணி இரண்டு. தயிர் சாதம் சாப்பிடவில்லை.

ஏன் என்று இங்கே பலருக்குத் தெரியாது. என் தோழன் ஓய்வு பெற்றதற்கு முன்னாலிருந்தே, தினமும் காலை ஐந்தரை மணிக்கு நம் கல்லூரி மைதானத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறான். சம்பளம் கிடையாது. ஐம்பத்தைந்து வயதில் தன்னில் பாதி வயதுப் பையன்களோடு உட்கார்ந்து டி லைசென்ஸ் கோர்ஸ் படித்துப் பாஸ் பண்ணினான். கோன் அவன் கைக்காசில் வாங்கினது. விசிலும்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். விவாதத்தில் ஒரு கோல் அடிக்கிற அவசரத்தில் யார் கால் உடைகிறது என்று பார்க்கவில்லை. என் வீட்டிலும் அன்றைக்கு முழுக்க யாரும் என்னோடு பேசவில்லை. டம்ளர்களை நானே கழுவினேன்.

ஆகஸ்ட் 29ஆம் தேதி. காலித் ஜமீலின் முதல் மாட்ச், தஜிகிஸ்தானில், தஜிகிஸ்தானோடு. மோகன் பகான் தன் ஆட்களை விடவில்லை. சேத்ரியும் அணியில் இல்லை. இருந்தும் 2-1 என்று ஜெயித்தோம். முதல் கோல் அன்வர் அலி, இரண்டாவது சந்தேஷ் ஜிங்கன். குர்பிரீத் ஒரு பெனால்டியையும் பிடித்தார். இதுதான் சாக்கு என்று தோழனுக்குப் போன் போட்டேன். எடுத்தான். “ரெண்டு கோலும் ஸ்டாப்பர் போட்டது” என்றான். வைத்துவிட்டான். அதே தொடரில் ஈரானிடம் 0-3 தோற்று, ஆப்கானிஸ்தானோடு 0-0 ஆடி, கடைசியில் ஓமானை பெனால்டியில் ஜெயித்து மூன்றாம் இடம் வந்தார்கள். அன்றைக்கு நான் போன் போடவில்லை. என்ன பேசுவது?

அக்டோபரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரோடு இரண்டு மாட்ச். பிரிவில் முதலில் வரும் ஒரு நாட்டுக்குத்தான் 2027 சவூதி ஆசியக் கோப்பையில் இடம். 9ஆம் தேதி சிங்கப்பூரில் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். பத்துப் பேரோடு ஆடி, தொண்ணூறாவது நிமிஷத்தில் ரஹீம் அலி அடித்த கோலில் 1-1. 14ஆம் தேதி கோவாவில், மார்காவ் மைதானத்தில், சாங்டே ஆரம்பத்திலேயே தூரத்திலிருந்து ஒரு அருமையான கோல் அடித்தார். அப்புறம் சிங்கப்பூரின் சாங் உய் யங் இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. 1-2. நான்கு மாட்ச்சில் இரண்டு பாயிண்ட். கதை முடிந்தது.

1984இல் நமக்கு இரண்டு கோல் போட்ட சிங்கப்பூர் அன்றைக்குப் போட்டியை நடத்திய நாடு என்பதால் ஆடியது. தகுதி பெற்று வந்ததில்லை. இந்த முறை நம்மைத் தாண்டித் தகுதியும் பெற்றுவிட்டது. ஒரு தீவு. நம் ஜில்லா ஒன்றைவிடச் சின்னது.

அன்றிரவு தோழனுக்குப் பேசலாமா என்று போனைக் கையில் எடுத்து வைத்தேன், எடுத்து வைத்தேன். உன் கோச் தோற்றுவிட்டார் என்று குத்திக் காட்டுவதற்காகப் பேசுகிறேன் என்று நினைப்பானே என்று பயம். உள்ளபடிக்கு காலித் ஜமீலைக் குறை சொல்ல எனக்கே மனம் வரவில்லை. தகுதிச் சுற்றின் ஒரு பகுதி அவர் வருவதற்கு முன்பே கழிந்துவிட்டது. மிச்சத்துக்கு அவருக்குக் கிடைத்தது இரண்டரை மாதம். கல்யாணத்துக்குப் பந்தல் போடக்கூட அதைவிட அதிக நாள் கேட்பார்கள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவனே கூப்பிட்டான். “கிரவுண்டுக்கு வா.” அவ்வளவுதான்.

போனேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் அந்த மைதானத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேற்குப் பக்கத்து வேப்பமரம் இருக்கிறது. கோல் போஸ்டில் வலை இல்லை. இருபத்தைந்து முப்பது பிள்ளைகள், நான்கே பந்து. அதில் ஒன்றில் காற்று நிற்கவில்லை. தோழன் என்னிடம் எதுவும் பேசாமல் ஒரு பையனைக் கூப்பிட்டான். இரண்டாம் வருஷம் பி.காம்., நல்ல உயரம், தோள் இப்படி. “சாரிடம் சொல்லு” என்றான். பையன் பள்ளிக்கூடத்தில் சென்டர் ஃபார்வர்டாம். இப்போது ரைட் பேக். ஏன் தம்பி மாறினாய் என்று கேட்டேன்.

“செலக்ஷன் போனா எந்த இடம்னு கேப்பாங்க சார். ஃபார்வர்டுன்னு சொன்னா வெளிய உட்காரணும். பேக்குன்னு சொன்னா ஆடலாம்.”

தோழன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “நீ ஸ்பெயின்லேர்ந்து கொண்டு வா. நான் பம்பாய்லேர்ந்து கொண்டு வர்றேன். கணக்கு வாத்தியாரு நாலு நாலா நிறுத்தட்டும். அந்த டம்ளரு எங்கேர்ந்துடா வரும்?”

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைக்கிறீர்கள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குப் பிடிக்காது. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக் கொடுத்தான், அடித்தேன். அந்த ஒரு பந்து கடைசி வரை நிற்கவில்லை.

ஆனால் கருத்து என்று கேட்டால், நான் இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன். வெளியிலிருந்து வருகிறவர் நமக்குத் தெரியாத ஒன்றிரண்டைக் கொண்டு வருவார், அதை நாம் கற்றுக் கொள்ளத்தான் வேண்டும். மிலோவானிடம் கற்றுக் கொள்ளவில்லையா? 4-2-3-1 பற்றியும் என் எண்ணம் மாறவில்லை. தோழனும் அவன் கட்சியில்தான் இருக்கிறான். நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடமும் 0-1 தோற்றபோது மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம், மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னோம். இந்த முறை தயிர் சாதம் வரைக்கும் உட்கார்ந்தான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர் சைமன் சுந்தரராஜ், நம் தமிழ்நாட்டுக்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். அதற்குப் பிறகு நாம் ஒலிம்பிக் கால்பந்துக்கே போகவில்லை. இதை அந்த பி.காம். தம்பியிடம் சொன்னேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து சார் அடிச்சாரு, எந்தக் கால் என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செயலாளர் கையில் மணி இருப்பது தெரிகிறது. இரண்டு விஷயம் சொல்லி முடித்துக் கொள்கிறேன். ஒன்று, நம் சங்கத்தின் பொதுக்குழு நாளை பதினோரு மணிக்கு. மைதானத்துக்கு இருபது பந்தும் இரண்டு வலையும் வாங்க வேண்டும் என்று நான் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். கணக்கு நண்பர் வழிமொழிகிறார். எதிர்க்கிறவர்கள் என் வீட்டுக்கு வந்து டம்ளரோடு விவாதிக்கலாம்.

இன்னொன்று, நாளைக் காலை ஆறரை மணிக்குப் பழைய மாணவர்களுக்கும் இப்போதைய மாணவர்களுக்கும் நடக்கும் மாட்ச். நம் டீமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினாலு பேர். அதில் ஒன்பது பேர் ஸ்டாப்பராக நிற்கிறேன் என்கிறார்கள், ஓட வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நம் கோச் என் தோழன்தான். இன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் டீமை அறிவித்துவிட்டான். நாற்பது வருஷமாக ஸ்டாப்பர் என்று சொல்லிக் கொண்டு திரிகிற என்னை சென்டர் ஃபார்வர்டில் போட்டிருக்கிறான். ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல் இருந்தது, எனக்கு முட்டி வலிதான் இருக்கிறது என்றேன். “அது போதும்” என்றான். என்னை மார்க் பண்ணப் போகிற மாணவர் அணி ரைட் பேக், பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருக்கிறார். தம்பி, ஆறரைக்கு.